வீட்டிலேயே மெல்லிய டிராக் பிசிபி: எல்லாரும் கேட்கும் கேள்விகள்

எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் ஐசி (சிப்) உட்கார்ந்த ஒரு சின்ன பிசிபியை, அதாவது பாகங்களை இணைக்கும் செம்புக் கோடுகள் (டிராக்) உள்ள போர்டைக் காட்டி, இதை வீட்டு பால்கனியில் செய்தேன் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பியவர்கள் அடுத்த நிமிடமே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். உருப்படியாக வந்த போர்டுகளைவிட நான் குப்பையில் போட்டவைதான் அதிகம், கீழே இருக்கும் பதில்களில் பாதிக்கு மேல் அந்தக் குப்பையிலிருந்து வந்தவை.

மெல்லிய டிராக் என்றால் எவ்வளவு மெல்லியது?

நான் எல்லைக்கல்லாக வைத்திருப்பது 0.5 மி.மீ. பிட்ச் ஐசி, அதாவது ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்கு 0.5 மி.மீ. 48 கால் உள்ள எல்க்யூஎஃப்பி பேக்கேஜை (நான்கு பக்கமும் கால் உள்ள தட்டைச் சதுர ஐசி) எடுத்துக்கொள்ளுங்கள்: 7 மி.மீ.க்கு 7 மி.மீ. உடம்பு, பக்கத்துக்கு 12 கால். காலைச் சால்டர் செய்யும் செம்புத் துண்டான பேட் 0.3 மி.மீ. அகலம் வைத்தால் இரண்டு பேடுக்கு நடுவே மிச்சம் 0.2 மி.மீ.தான், பழைய ஆட்கள் கணக்கில் 8 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). இந்த 0.2 இடைவெளி சுத்தமாக வந்துவிட்டால் வீட்டில் செய்யக்கூடிய பெரும்பாலான வேலை கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 0.15 மி.மீ. டிராக்கும் வரும், ஆனால் தினமும் வராது. 0.1 மி.மீ. ஒரு தடவை வந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை.

சீனாவுக்கு ஃபைல் அனுப்பினால் சில டாலருக்கு ஐந்து போர்டு வருகிறதே, இந்தப் பாடு எதற்கு?

பணத்துக்காக என்றால் செய்யாதீர்கள். கெமிக்கல், ஃபிலிம், உடைந்த டிரில் பிட், வீணான போர்டு எல்லாம் சேர்த்தால் வெளியில் கொடுப்பதே மலிவு. அவர்கள் தரும் போர்டில் பச்சை மாஸ்க் (வேண்டாத இடத்தில் சால்டர் ஒட்டாமல் காக்கும் பூச்சு) இருக்கும், ஓட்டைக்குள் செம்பு ஏறியிருக்கும், 0.15 மி.மீ. டிராக் அவர்களுக்குச் சர்வ சாதாரணம். வீட்டில் செய்வதில் ஒரே லாபம் நேரம். காலையில் டிசைன் போட்டு மாலையில் பவர் கொடுத்துப் பார்த்து, தப்பு கண்டுபிடித்து, ராத்திரி அடுத்ததைச் செய்துவிடலாம். கஸ்டம்ஸில் பார்சல் நிற்கும் பத்து நாளில் நான் மூன்று தப்பு செய்து முடித்திருப்பேன். கடைசி டிசைனை வெளியில்தான் கொடுக்கிறேன், இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

டோனர் டிரான்ஸ்ஃபர் போதாதா? லேசர் பிரிண்டைச் செம்பின் மேல் கவிழ்த்து அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்தால் வருகிறதே.

0.3 மி.மீ. வரைக்கும் தாராளமாகப் போதும், கை பழகியவர்களுக்கு 0.25கூட வரும். அதற்குக் கீழே போனால் டோனரே எதிரி. அது ஒரு பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருகி அழுத்தத்தில் பக்கவாட்டில் நசுங்கும், அயர்ன் பாக்ஸ் ஒரு ஓரத்தில் அதிகமாக அழுத்தினால் அந்த ஓரத்தில் கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு டோனர் படலத்தில் ஊசிமுனை ஓட்டைகள் இருக்கும், அகலமான டிராக்கில் அது தெரியாது, மெல்லிய டிராக்கில் ஒரு ஓட்டை போதும் டிராக் அறுந்துபோக. 0.8 மி.மீ. பிட்ச் ஐசி வரை டோனர், அதற்குக் கீழே டிரை ஃபிலிம், இப்படித்தான் நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

டிரை ஃபிலிம் என்பது என்ன?

ஒளி பட்டால் இறுகும் ஒரு நீல நிறப் படலம், ரோலாக வரும். மூன்று அடுக்கு: உள்பக்கம் மெத்தென்ற பாலித்தீன், நடுவில் விஷயம் உள்ள ரெசிஸ்ட் (ஆசிட்டிலிருந்து செம்பைக் காப்பது), வெளிப்பக்கம் பளபளப்பான பாலியெஸ்டர். உள்தாளை உரித்துவிட்டு ரெசிஸ்டைச் செம்பின் மேல் ஒட்டி, மேலே நெகட்டிவை (டிராக் இருக்கும் இடத்தில் மட்டும் ஒளியை விடும் பிரிண்ட் ஷீட்) வைத்து யூவி ஒளி காட்டினால் ஒளி பட்ட இடம் கெட்டியாகிவிடும். படாத இடத்தை சோடா தண்ணீரில் கழுவிவிடலாம், இதைத்தான் டெவலப் என்கிறோம். பிறகு எட்சிங், அதாவது ரெசிஸ்ட் மூடாத செம்பை ஆசிட்டில் கரைத்தெடுப்பது. ஃபேக்டரிகளிலும் இதே பொருள்தான் ஓடுகிறது. அதனால் 0.2 மி.மீ. வரவில்லை என்றால் ஃபிலிமைக் குறை சொல்ல முடியாது, ஃபிலிமுக்கு அதைவிட நன்றாகவே தெரியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே நீங்கள் படிக்கப்போகும் எல்லாம் இதைச் சுற்றித்தான். மெல்லிய டிராக் கெட்டுப்போவது ஏதோ இரண்டு பொருளுக்கு நடுவே சந்து விழும் இடத்தில். ரெசிஸ்டுக்கும் செம்புக்கும் நடுவே சந்து இருந்தால் ஆசிட் உள்ளே போகும். நெகட்டிவுக்கும் ரெசிஸ்டுக்கும் நடுவே சந்து இருந்தால் ஒளி உள்ளே போகும். விலை கூடிய விளக்கு வாங்குவதற்கு முன் இந்த இரண்டு சந்துகளையும் அடைத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது?

சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் காப்பர் கிளாட் போர்டு (செம்பு ஒட்டிய வெற்றுப் பலகை), ஃபெரிக் குளோரைடு (எட்சிங்குக்கான கெமிக்கல், நான் ஆசிட் என்று சொல்வது), டிரில் பிட் எல்லாம் கிடைக்கும். "பிசிபி போர்டு" என்று மட்டும் கேட்டால் பழுப்பு நிற ஃபீனாலிக் போர்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், சூட்டில் பேட் பெயர்ந்து வரும், அது வேண்டாம். "கிளாஸ் எபாக்சி" என்று கேளுங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெளிர்மஞ்சளாகத் தெரியும். டிரை ஃபிலிமை நான் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். ரோலைக் கறுப்புக் கவரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், எடுத்தவுடன் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர் காற்றில் உடனே ஈரம் பூத்துவிடும்.

செம்பின் தடிமனையும் கேட்டுப் பாருங்கள். சாதாரணமாகக் கிடைப்பது 35 மைக்ரான், ஒரு அவுன்ஸ் என்பார்கள். பாதி அவுன்ஸ், அதாவது 18 மைக்ரான் கிடைத்தால் விடாதீர்கள். காரணத்தை எட்சிங்கில் சொல்கிறேன்.

நெகட்டிவை எதில் பிரிண்ட் எடுப்பது? என் லேசர் பிரிண்டரில் கறுப்பு கறுப்பாகவே இல்லை.

எல்லா லேசர் பிரிண்டரிலும் அப்படித்தான். பிரிண்ட் எடுத்த ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கறுப்பு இடத்தில் நட்சத்திரம் மாதிரி பொடிப் பொடி வெளிச்சம் தெரியும். நெகட்டிவில் டிராக்தான் தெளிவாக இருக்கும், மற்ற இடமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒவ்வொரு நட்சத்திரமும் போர்டில் ஒரு செம்புப் புள்ளியாக மிஞ்சும், இரண்டு பேடுக்கு நடுவே மிஞ்சினால் ஷார்ட். டோனர் சேவ் மோடை அணையுங்கள், பேப்பர் வகையில் டிரான்ஸ்பரன்சி என்று கொடுங்கள். அசிட்டோன் ஆவியைக் கொஞ்சம் காட்டினால் டோனர் இளகிப் பரவி ஓட்டைகள் மூடிக்கொள்ளும், ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் இருக்கவே கூடாது. இரண்டு பிரிண்டை ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் வித்தையை 0.2 மி.மீ. டிராக்குக்கு முயற்சி செய்யாதீர்கள், கண் போய்விடும்.

இங்க்ஜெட் பிரிண்டருக்கான கோட்டிங் உள்ள ஃபிலிமில் எடுத்தால் கறுப்பு நன்றாக விழுகிறது, என் கையில் இருப்பது இப்போது அதுதான். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, பலருக்கு இது தோன்றுவதே இல்லை: ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்கள் ஃபிலிம் அவுட்புட் எடுக்கும் கடை. கல்யாணப் பத்திரிகைக்கும் பை பிரிண்டுக்கும் எடுக்கும் அதே ஃபிலிம்தான், 2400 டிபிஐ, ஒரு புள்ளி 0.01 மி.மீ. உங்கள் வீட்டு 600 டிபிஐ பிரிண்டரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ., 0.15 மி.மீ. டிராக் என்றால் மூன்றரைப் புள்ளி. அரைப் புள்ளியை பிரிண்டர் எப்படிப் போடும்? ஓரம் ரம்பம் மாதிரி வரும். பத்து போர்டை ஒரே ஷீட்டில் அடுக்கிக் கொடுத்தால் காசு கையைக் கடிக்காது. கடைக்காரர் இது என்ன சார் கோலம் என்று கேட்பார், சிரித்துவிட்டு வாருங்கள்.

எதில் எடுத்தாலும் ஸ்கேல் 100 சதவீதம் இருக்கட்டும், "பக்கத்துக்குப் பொருத்து" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஐசியை அச்செடுத்த ஷீட்டின் மேலேயே வைத்துக் கால்கள் பேடில் உட்காருகிறதா என்று பாருங்கள். அதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

மிரர் பண்ணணுமா, வேண்டாமா?

மை இருக்கும் பக்கம் போர்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான் விதி. அப்படி வைத்து மேலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராகப் படிக்க வந்தால் சரி. கிகேடில் (நான் போர்டு டிசைன் போடும் சாஃப்ட்வேர்) டாப் லேயரை மிரர் செய்து எடுங்கள், பாட்டம் லேயரை அப்படியே எடுங்கள். ஒவ்வொரு லேயரிலும் ஒரு எழுத்தாவது போட்டு வையுங்கள், கோணல் புத்தி வேலை செய்யும் ராத்திரி பதினோரு மணிக்கு அது காப்பாற்றும்.

மை ஏன் கீழே இருக்க வேண்டும் என்றால், ஷீட்டின் தடிமன் 0.1 மி.மீ. இருக்கும். மை மேல்பக்கம் இருந்தால் 30 டிகிரி சாய்வில் வரும் ஒளி ஷீட்டுக்குள் வளைந்து ஓரத்துக்கு 0.03 மி.மீ. உள்ளே ஊறிவிடும். இரண்டு ஓரமும் சேர்த்தால் 0.06, உங்களிடம் இருந்ததே 0.2 தானே.

போர்டை எப்படிச் சுத்தம் செய்வது?

இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். பளபளவென்று தெரிந்தால் சுத்தம் என்று நினைத்துக்கொள்வது. செம்பின் மேல் விரல் எண்ணெய் ஒரு ரேகை இருந்தாலும் ரெசிஸ்ட் அந்த இடத்தில் சும்மா படுத்துக்கொண்டிருக்கும், ஒட்டியிருக்காது. எட்சிங் பாதியில் அந்த இடத்து டிராக் மட்டும் நூல் மாதிரி எழுந்து நீந்தும். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் செய்வது: முதலில் புளி. சிரிக்காதீர்கள், பித்தளைக் குடத்தையும் செம்புச் சொம்பையும் நம் வீட்டில் எதை வைத்துத் தேய்க்கிறார்கள்? கொஞ்சம் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் கறுத்த செம்பு ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும், புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் வேலை அது. பிறகு பச்சை ஸ்கிரப்பரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு ஒரு தடவை நெடுக்கில், ஒரு தடவை குறுக்கில் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் மெல்லிய கீறலாக மங்கலாவதுதான் நல்லது, ரெசிஸ்ட் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கும். கடைசியில் குழாயடியில் கழுவிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். தாமரை இலை மாதிரி திரண்டு ஓடினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்பத் தேயுங்கள். அதன் பிறகு ஓரத்தை மட்டும் பிடியுங்கள், செம்பில் விரல் படவே கூடாது. கழுவிய போர்டை நாளைக்கு என்று வைக்காதீர்கள், உடனே ஒட்டிவிட வேண்டும்.

ஃபிலிம் ஒட்டும்போது குமிழி வருகிறது.

போர்டைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஃபிலிமின் ஒரு ஓரத்தை மட்டும் உரித்து ஒட்டி, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே விரலால் தள்ளிக்கொண்டு போங்கள். மொத்தத் தாளையும் உரித்துவிட்டு மேலே போட்டால் குமிழி வராமல் என்ன செய்யும்? உள்தாள் உரிய மறுத்தால் ஒரு மூலையில் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டிப் பிரித்து இழுங்கள். பிறகு 110 டிகிரி அளவில் இருக்கும் லேமினேட்டரில் இரண்டு மூன்று தடவை விடுங்கள். ஐடி கார்டு லேமினேட் செய்யும் சின்ன மிஷினில் 1.6 மி.மீ. போர்டு நுழையாமல் போகலாம், 0.8 மி.மீ. போர்டு நுழையும். மிஷின் இல்லை என்றால் அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் வைத்து மேலே ஒரு வெள்ளைத்தாள் போட்டுத் தேய்க்கலாம்.

குமிழி விழுந்த இடம் ஐசிக்கு அடியில் இருந்தால் யோசிக்காமல் உரித்து எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஊசியால் குத்திச் சமாளித்த எந்தப் போர்டும் எனக்கு வேலை செய்ததில்லை.

அறை வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் எல்இடி பல்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். போட்டோ ஸ்டுடியோ இருட்டறை அளவுக்குத் தேவையில்லை.

நெயில் பாலிஷ் காய வைக்கும் யூவி விளக்கு போதுமா?

ஒளி போதும், ஆனால் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது, அதுதான் தொல்லை. அந்த விளக்கின் வேலையே விரலைச் சுற்றி எல்லா மூலையிலும் ஒளி படவைப்பது. 45 டிகிரி சாய்வில் வரும் ஒளிக்கு 0.1 மி.மீ. சந்து கிடைத்தால் 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இடது பக்கம் 0.1, வலது பக்கம் 0.1, நீங்கள் விட்டிருந்த 0.2 மி.மீ. இடைவெளி முழுக்க அடைபட்டுப் போச்சு.

இதற்கு எதிர்மாறாக ஒரே ஒரு 10 வாட் யூவி எல்இடியை 25 செ.மீ. உயரத்தில் வையுங்கள். 395லிருந்து 405 நேனோமீட்டர் வரை எது கிடைத்தாலும் சரி. விளக்கின் அகலம் ஒரு செ.மீ. என்றால் அதே 0.1 மி.மீ. சந்தில் நிழல் கலங்குவது 0.004 மி.மீ.தான். உச்சி வெயிலில் தரையில் கிடக்கும் தடியின் நிழலும் பத்தடி உயரத்துக் கம்பியின் நிழலும் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள், அதே கணக்கு. விளக்கு சின்னதாகவும் தூரமாகவும் இருக்க வேண்டும், நேரம் கொஞ்சம் கூடுதலாகும், போகட்டும். போர்டு பெரியது என்றால் ஓரத்தில் ஒளி குறையும், விளக்கை இன்னும் தூக்குங்கள். எரியும் எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள், ஊதாவாக மங்கலாகத் தெரிகிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம், கண்ணுக்குள் போவது நிறைய.

சந்து விழாமல் அழுத்த, நெகட்டிவின் மேல் 5 மி.மீ. ஜன்னல் கண்ணாடி ஒன்று போதும், இந்த அலைநீளத்தை அது தாராளமாக விடும். நான்கு மூலையிலும் கிளிப் போட்டால் நடுவில் கண்ணாடி தூக்கிக்கொள்ளும், அங்கேதான் ஐசி இருக்கும். அதனால் போர்டுக்கு அடியில் ஒரு மெத்தையான ஃபோம் துண்டு, யோகா மேட் வெட்டியது என்று ஏதாவது வையுங்கள், போர்டு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுப் பொருளை வேக்யூம் பேக் செய்யும் மிஷின் வீட்டில் இருந்தால் போர்டையும் நெகட்டிவையும் அந்தப் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சிவிடுங்கள், அதைவிட இறுக்கமாகக் கண்ணாடியால் பிடிக்க முடியாது.

எத்தனை விநாடி காட்டுவது?

என் விளக்கில் 40. உங்களுடையதில் என்னவென்று சோதித்துத்தான் தெரியும். ஒரு துண்டு போர்டில் ஃபிலிம் ஒட்டி, மெல்லிய கோடுகள் உள்ள நெகட்டிவை மேலே வைத்து, கறுப்பு அட்டையை ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஒரு விரல் அகலம் நகர்த்திக்கொண்டே போங்கள். கழுவிப் பார்க்கும்போது ஒளி போதாத பட்டையில் மெல்லிய கோடுகள் சொதசொதவென்று பெயர்ந்து போகும், ஒளி மிஞ்சிய பட்டையில் கோடுகள் தடித்து இடைவெளி நீலமாக அடைந்துகிடக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி காட்டி முடித்தவுடன் கழுவாமல் பத்துப் பதினைந்து நிமிடம் இருட்டில் விடுங்கள், ரெசிஸ்ட் உள்ளே இறுகி முடியட்டும்.

வெயிலில் வைத்தால் ஆகாதா?

ஆகும். ஆனால் மேகம் ஒன்று குறுக்கே வந்தால் கணக்கு போச்சு. அவசரத்துக்கு மட்டும்.

டெவலப் செய்ய ஆப்ப சோடா போட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை!

நடக்காது. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட், உங்களுக்கு வேண்டியது சோடியம் கார்பனேட், கடையில் வாஷிங் சோடா, சலவை சோடா என்று கேட்க வேண்டும். இரண்டும் வெள்ளைப் பொடி, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குழப்பம் வருவது சகஜம். சலவை சோடா கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவையே பழைய இரும்பு வாணலியில் போட்டு அரை மணி நேரம் நன்றாக வறுங்கள், ஆவியும் கரியமில வாயுவும் வெளியேறி அதுவே கார்பனேட் ஆகிவிடும். 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்சும், எடை போட்டுப் பார்த்தால் வேலை முடிந்ததா என்று தெரிந்துவிடும்.

லிட்டருக்கு 10 கிராம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் 30 டிகிரியில் இருக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குகிறார்கள், சென்னையில் குழாயைத் திறந்தால் போதும். மேல் பாலியெஸ்டர் தாளை மறக்காமல் உரித்துவிட்டுப் போர்டை முக்கி, மெல்லிய பெயின்ட் பிரஷால் வருடிக்கொடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் நீலம் கரைந்து செம்பு தெரியும்.

செம்பு தெரிந்துவிட்டது என்று நம்பி நேராக எட்சிங்கில் போட்டுவிடாதீர்கள். பேடுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஃபெரிக் குளோரைடில் பத்து விநாடி முக்கி எடுத்துக் கழுவிப் பாருங்கள். திறந்திருக்கும் செம்பு பளபளப்பு போய் மங்கலான ரோஸ் நிறத்துக்கு மாறியிருக்கும். எங்காவது ஒரு இடம் மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தால் அங்கே மிச்சம் இருக்கிறது, சோடா தண்ணீருக்கே திரும்புங்கள். இந்தப் பத்து விநாடி என் போர்டுகளில் பாதியைக் காப்பாற்றியிருக்கிறது.

எட்சிங்கில் மெல்லிய டிராக் எல்லாம் கரைந்துவிடுகிறது, தடித்த இடத்தில் செம்பு மிஞ்சி நிற்கிறது.

ஆசிட் கீழ்நோக்கி மட்டும் அரிக்காது, ரெசிஸ்டுக்கு அடியில் பக்கவாட்டிலும் அரிக்கும். 35 மைக்ரான் செம்பைக் கீழே வரை அரித்து முடிக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் அதில் பாதியிலிருந்து முழு அளவு வரை உள்ளே போயிருக்கும். அதாவது 0.15 மி.மீ. டிராக்கில் 0.035லிருந்து 0.07 மி.மீ. வரை காலி. 18 மைக்ரான் செம்பு என்றால் இந்த நஷ்டம் பாதியாகிவிடும், அதனால்தான் முதலிலேயே கேட்டு வாங்கச் சொன்னேன். 35 மைக்ரான்தான் கிடைத்தது என்றால் டிசைனில் மெல்லிய டிராக்கின் அகலத்தை 0.03 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

சீராக அரிக்காததற்குக் காரணம் வேறு. நெருக்கமான கால்களுக்கு நடுவே புது ஆசிட் போய் வர இடமில்லை, அங்கே மெதுவாகத்தான் அரிக்கும். தனியாக ஓடும் டிராக்குக்குச் சுற்றிலும் வெட்டவெளி, வேகமாக அரிந்துவிடும். கால்களுக்கு நடுவே முடியட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் அந்தத் தனி டிராக் இளைத்து அறுந்துவிடும். இதற்கு மருந்து டிசைனில் இருக்கிறது: காலி இடத்தையெல்லாம் கிரவுண்ட் செம்பால் நிரப்பிவிடுங்கள், எல்லா இடைவெளியும் கிட்டத்தட்ட ஒரே அகலமாகிவிடும், ஆசிட்டும் குறைவாகச் செலவாகும்.

ஃபெரிக் குளோரைடை 40லிருந்து 45 டிகிரி சூட்டில் வையுங்கள், பிளாஸ்டிக் டப்பாவைச் சுடுதண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்தால் போதும், நேரடி அடுப்பு வேண்டாம். போர்டைச் செம்புப் பக்கம் கீழே பார்த்து மிதக்கவிட்டு டப்பாவைத் தாலாட்டிக்கொண்டே இருங்கள், அரிந்த கசடு தானாகக் கீழே விழுந்து புது ஆசிட் வரும். ஸ்பாஞ்சால் தேய்க்கும் முறை டோனருக்கு அருமை, மெல்லிய ஃபிலிமுக்கு ஆகாது, ஓரம் கிளம்பிவிடும். கடைசி இரண்டு நிமிடம் போனை எடுக்காதீர்கள்.

பொடியாக வாங்கிக் கரைப்பவர்களுக்கு: தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதிக்கும் அளவுக்குச் சூடேறும், புகை மூக்கை எரிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பாத்ரூம் ஆசிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தால் வேகமாக இருக்குமாமே?

வேகம்தான், தண்ணீர் மாதிரி தெளிவாக இருப்பதால் அரிப்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குளோரின் வாடை கிளம்பும், வீட்டுக்குள் கூடவே கூடாது. நான் பால்கனியில் ஒரு டப்பாவை மூடி வைத்திருந்தேன், மூடியதாக நினைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் கிரில் கம்பி, சைக்கிள் செயின், துணி காயப்போடும் கம்பி மூன்றும் செங்காவியாகத் துருப்பிடித்துவிட்டன. அம்மா அந்தப் பேச்சை இன்னும் விடவில்லை. மெல்லிய வேலைக்கு வேகமும் உதவாது, எடுக்கும் நேரம் பத்து விநாடி தப்பினால் போச்சு. நான் ஃபெரிக் குளோரைடுக்கே திரும்பிவிட்டேன்.

பழைய ஃபெரிக் குளோரைடை சிங்க்கில் ஊற்றலாமா?

கூடாது. கரைந்திருக்கும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு விஷம், ஸ்டீல் சிங்க்கையும் அரித்துவிடும். செடிக்கும் ஊற்றாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்துவைத்து, அரிக்கும் வேகம் செத்த பிறகு வாஷிங் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொங்குவது நிற்கும் வரை. செம்பும் இரும்பும் சேறாகக் கீழே படியும். அந்தச் சேற்றைச் சிமென்ட்டில் குழைத்துக் கட்டியாக்கிவிட்டால் அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கும் வரை சிந்தாமல் கிடக்கும்.

மொசைக் தரையில் சிந்தினால் வரும் மஞ்சள் கறை சோப்புக்குப் போகாது, மேலே ஆசிட் ஊற்றினால் மொசைக்கே அரிந்துவிடும். சிந்தினாலும் தரையில் படாமல் இருக்கப் பழைய நியூஸ் பேப்பர் போடுங்கள், நான் தட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.

இரண்டு பக்கப் போர்டு?

இரண்டு நெகட்டிவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பேடுகளைச் சரியாகப் பொருத்தி, அதே தடிமனுள்ள எல் வடிவப் போர்டுத் துண்டை நடுவில் வைத்து உறை மாதிரி ஒட்டிவிடுங்கள். ஃபிலிம் ஒட்டிய போர்டை அந்த உறைக்குள் செருகி மூலையில் முட்டவிட்டால் இரண்டு பக்கமும் பொருந்திவிடும். ஓட்டைக்குள் செம்பு ஏற்றுவதெல்லாம் வீட்டு வேலை இல்லை, வயா (இரண்டு பக்க டிராக்கையும் இணைக்கும் ஓட்டை) ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியைச் செருகி இரண்டு பக்கமும் சால்டர் வைக்க வேண்டும். முப்பது வயாவுக்கு மேல் போனால் எனக்குப் பொறுமை கிடையாது, டிசைனில் டிராக் போடும்போதே குறைத்துவிடுவேன். ஐசிக்கு அடியில் வயா வைக்காதீர்கள், சால்டர் மேட்டில் ஐசி ஏறி நின்றுவிடும். 0.6, 0.8 மி.மீ. கார்பைடு பிட்டைக் கையில் பிடிக்கும் டிரில்லில் போட்டால் உடையும், ஸ்டாண்ட் வேண்டும். கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் போடுங்கள்.

சால்டர் செய்வதற்கு முன் ஷார்ட் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கழுவி, மிச்ச ரெசிஸ்டை லிட்டருக்கு 30 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் உரித்தெடுத்துவிட்டு (கையுறை கட்டாயம், அலுமினியப் பாத்திரம் கூடாது), போர்டுக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். ஒரு பக்கப் போர்டில் கிளாஸ் எபாக்சி வெளிச்சத்தை விடும், செம்பு விடாது. கால்களுக்கு நடுவே முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் ஷார்ட். போன் கேமராவை ஜூம் செய்தால் நன்றாகவே தெரியும். புது பிளேடு முனையால் ஒரு கீறு, அப்புறம் மல்டிமீட்டரில் பீப் வருகிறதா என்று கால் காலாகப் பாருங்கள். பச்சை மாஸ்க் இல்லாத போர்டில் 0.5 மி.மீ. கால்களைச் சால்டர் செய்ய ஃபிளக்ஸை அள்ளிப் பூசுங்கள், கால்கள் ஒட்டிக்கொண்டால் பின்னல் கம்பியால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

ரெசின் 3டி பிரிண்டர் இருந்தால் நெகட்டிவே வேண்டாம் என்கிறார்களே?

உண்மைதான். அதன் திரைக்கு அடியில் இருப்பது 405 நேனோமீட்டர் விளக்கு, திரையே உங்கள் நெகட்டிவ். ரெசின் தொட்டியைக் கழற்றிவிட்டு, ஃபிலிம் ஒட்டிய போர்டைக் கவிழ்த்து வைத்துப் படத்தைக் காட்டினால் போதும். 6 அங்குல 4கே மிஷினில் ஒரு பிக்சல் 0.035 மி.மீ., வீட்டு லேசர் பிரிண்டரைவிட மேல். டிராக் அகலத்தைப் பிக்சலின் மடங்கில் வைத்தால் ஓரம் சுத்தமாக வரும். திரையில் கீறல் விழாமல் ஒரு மெல்லிய ஷீட் போடலாம் என்று தோன்றும், போட்டீர்கள் என்றால் அதுவும் ஒரு சந்துதான்.

முதல் போர்டாக எதைச் செய்வது?

ஐசி எல்லாம் அப்புறம். 0.30லிருந்து 0.10 மி.மீ. வரை 0.05 குறைத்துக்கொண்டே போகும் இணைகோடுகளை ஐந்து கட்டமாக வரைந்து, தீப்பெட்டி அளவுத் துண்டில் எடுங்கள். கோடும் இடைவெளியும் ஒரே அகலம், ஒரு கட்டம் நெடுக்கில், அதே கட்டம் குறுக்கில். எந்தக் கட்டத்தில் கோடு அறுந்தது, எந்தக் கட்டத்தில் இடைவெளி அடைந்தது என்று பாருங்கள், நெடுக்கில் வந்து குறுக்கில் வராவிட்டால் பிரிண்டரைச் சந்தேகப்படுங்கள். துண்டின் பின்பக்கம் மார்க்கரில் தேதி, எத்தனை விநாடி, எந்த ஷீட், ஆசிட் எத்தனை நிமிடம் என்று எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். என் டப்பாவில் இப்போது நாற்பத்தி மூன்று துண்டு இருக்கிறது, நாற்பதாவதில்தான் 0.15 குறுக்கிலும் வந்தது.